மிச்சம் பாதரும் கறுத்த ஆடும்

பாவம் செய்வதை ஒரு கௌரவமான காரியமாக்கியவர் சப்ரகமுவ மாகாணத்திலேயே எங்கள் மிச்சம் பாதர் ஒருவர்தான். அவர் வரும்வரை எங்கள் தோட்டத்தில் பாவம் செய்தவர்கள் அதை மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். அவருடைய மூன்றாவது புத்தகம் வெளியான பிறகு, செய்யாத பாவத்தையும் செய்ததாகச் சொல்லிக்கொண்டு சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அந்த வரிசையில் பாதிப் பேர் முருக பக்தர்கள்.

கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கூட்டிச் சொல்வது பாதருடைய தொழில். நான் அவருக்குப் பிழை திருத்திக் கொடுத்தவன் மட்டும்தான்.

யட்டியாந்தோட்டை பஸாரிலிருந்து புறப்படும் பஸ், ரப்பர் காட்டைத் தாண்டித் தேயிலைக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல இந்துக்கள், மீதி கத்தோலிக்கர்கள். பஸ் நிற்கும் இடத்தில் அந்தோனியார் கோயில். மேலே தேயிலை பெக்டரிக்குப் பின்னால் முனியாண்டி. இரண்டு பேருக்கும் நடுவே தேயிலை மலையில் ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

பாதருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரொம்ப நீளம். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. மிச்சம் பாதர் என்ற பெயர் அவருடைய பிரசங்கத்தால் வந்தது. பூசையில் பைபிளை வாசித்து முடித்ததும் பிரசங்கம் என்ற பேரில் ஒரு கதைக்குள் இறங்கிவிடுவார். ஊதாரி மகன் உவமையை எடுத்தால், மகன் கொழும்புக்குப் போய் ஹோட்டலில் கோப்பை கழுவுவான், கூட்டாளிகளோடு சேர்ந்து சம்பளத்தைத் தொலைப்பான், கடைசியில் வெறுங்கையோடு யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஏறுவான். கோயிலில் ஒரு பிள்ளை அழாது.

"பஸ்ஸு நிக்குது. ஒருத்தன் எறங்குறான். தகப்பன்காரரு கண்ணச் சுருக்கிப் பாக்குறாரு. அது யாரு?" என்று நிறுத்தி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மிச்சம் அடுத்த ஞாயிறு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பூசையைத் தொடர்வார்.

ஒரு நாள் பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் ஒருவர் மறித்துக் கேட்டார். "பாதர், அது மகன்தான்னு எங்களுக்குத் தெரியுமே. பைபிள்ளயே இருக்கே."

"தெரிஞ்சும் ஏன் போன ஞாயிறு முடிஞ்சு இந்த ஞாயிறும் வந்தீங்க?" என்றார் பாதர்.

கேட்டவர் அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசங்கம் வாட்ஸப்பில் போகும். ஞாயிறு மத்தியானமே அங்கிருந்து குரல் வந்துவிடும். "மிச்சம் எங்க? இம்புட்டுதானா? யாராச்சும் பாதர் பங்களாவுக்குப் போயி கேட்டு அனுப்புங்க, இங்க மேடம் எந்திரிக்கிறதுக்குள்ள." பாதரிடம் போய்க் கேட்டால், "எனக்கே இன்னும் தெரியாதே, கண்ணு" என்பார். அது பொய்யும் இல்லை. கதையை அவர் மோட்டார் சைக்கிளில் போகும்போதுதான் கண்டுபிடிப்பார்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நல்ல வரி தோன்றினால், வளைவிலேயே நிறுத்திவிடுவார். அங்கியின் பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்து, பெற்றோல் டேங்கில் கடதாசியை வைத்து எழுத ஆரம்பித்துவிடுவார். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். "ஃபாதர், பார தென்ன" என்று டிரைவர் சிங்களத்தில் கத்துவார், வழி விடுங்கள் என்று அர்த்தம். "பொட்டக் இன்ன, மல்லி. ஒரு வரிதான்" என்று, கொஞ்சம் பொறு தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, இரண்டு பாஷையும் கலந்து பாதர் பதில் சொல்லுவார். நாளாக ஆக, அந்த வளைவுகளில் பஸ் தானாகவே நிற்கப் பழகிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் ஏன் நிற்கிறது என்று கேட்டால், "ஃபாதர் லியனவா" என்று கண்டக்டர் பயபக்தியோடு சொல்லுவார். பாதர் எழுதுகிறார். பஸ்ஸே அமைதியாகிவிடும்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் போகாத கோயில் பங்கு இல்லை. அவர் இருந்துவிட்டு வந்த இடங்களை வரிசையாகச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவதைப் போல இருக்கும். ரம்புக்கனையில் இருந்தபோது, ரயிலைப் பிடிக்கப் பாதிப் பூசையில் எழுந்து ஓடுகிறவர்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். ஓடியவர்கள் ஒன்றுசேர்ந்து நின்று புகார் சொன்னார்கள். அவர்கள் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை என்று பாதர் சொல்லுவார்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகு எழுதிய முதல் புத்தகம், திருவிழாப் பந்தியில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களைப் பற்றியது. முதல் வரிசைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். இரண்டாவது, தொழிற்சங்க மேடைகளில் பேசுகிறவர்களைப் பற்றியது. அவர்கள் கோபித்துக்கொண்டது மட்டுமில்லாமல் கண்டனக் கூட்டமும் போட்டார்கள். பாதர் அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

மூன்றாவது புத்தகத்தின்போதுதான் என்னிடம் வந்தார். ஒரு கொழுந்துச் சாக்கை மேசையில் கவிழ்த்தார். உள்ளே இருந்து கடதாசிகள் கொட்டின.

"சேர், நீங்க எங்க ஆளு இல்ல. அதனால தைரியமா கேக்குறேன். எங்க ஆளுங்ககிட்ட குடுத்தா எல்லாம் நல்லாருக்கு பாதர்னு சொல்லிட்டு எனக்குப் பின்னால சிரிக்கிறாங்க. நீங்க எனக்கு முன்னாலயே சிரிங்க."

வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் றகரமும் ரகரமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஆனால் சிரித்த சிரிப்பில் என்னால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

கதை இதுதான். ராயம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண். அவளிடம் இருப்பது ஒரே ஒரு கறுத்த ஆடு, இடது காது மட்டும் வெள்ளை. மகனுக்கு ஒரு வழி பிறக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு அந்த ஆட்டை நேர்ந்துகொள்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதே ஆட்டை முனியாண்டிக்கும் நேர்ந்துவிடுகிறாள். மகனுக்கு வழி பிறந்துவிடுகிறது. இப்போது சாமி இரண்டு, ஆடு ஒன்று. திருவிழா அன்று ஆட்டுக்குப் பூமாலை போட்டு அந்தோனியாருக்கு ஒப்படைக்கிறாள். காணிக்கை ஆடுகளைக் கோயிலில் ஏலம் போடுவார்கள் இல்லையா, அந்த ஏலத்தில் தன் ஆட்டைத் தானே எடுக்கிறாள். எடுத்த கையோடு ஒற்றையடிப் பாதையால் முனியாண்டியிடம் நடத்திக்கொண்டு போகிறாள். ஆட்டின் கழுத்தில் கோயில் மாலை அப்படியே இருக்கிறது. பாதி வழியில், எதிரே, மேலேயிருந்து பாதர் இறங்கி வருகிறார். ஒதுங்க இடமில்லை. பாதர் ஆட்டைப் பார்க்கிறார். ஆடு பாதரைப் பார்க்கிறது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 'மிச்சம் அடுத்த புத்தகத்தில்' என்று இருந்தது.

"பாதர், இது அநியாயம்" என்றேன்.

"பிழையப் பாருங்க சேர். பாவத்தப் பாக்காதீங்க" என்றார்.

யட்டியாந்தோட்டையில் கல்யாணக் கார்டு அடிக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனின் அச்சகத்தில்தான் புத்தகம் அச்சானது, நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கடைசிப் பக்கம் வந்த அன்று நானா பாதருக்குப் போன் எடுத்தார். "ஃபாதர், மெஷின நிப்பாட்டி வெச்சீக்கிறேன். அந்த ஆடு எங்க போய்ச் சேருது? சொன்னாத்தான் மிச்சத்த அடிப்பேன்." பாதர் எவ்வளவோ கெஞ்சிய பிறகுதான் மெஷின் ஓடியது.

புத்தகம் தோட்டத்துக்கு வந்த ஒரு கிழமைக்குள்ளேயே ஒரு விசித்திரம் நடந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடும்பமாவது அந்த ஆடு தங்களுடைய ஆடுதான் என்று அடித்துச் சொன்னது. எங்க ஆடு, எங்க ஆடு என்று பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டையே வந்தது. சரி, வீட்டுக்குள் நடந்த விஷயம் பாதருக்கு எப்படித் தெரியும்? பீலியடியிலேயே அதற்கு விடையும் கண்டுபிடித்தார்கள். பாவசங்கீர்த்தனம். கத்தோலிக்கர்கள் போய்ப் பாதரின் காதில் தங்கள் பாவங்களை மெதுவாகச் சொல்வார்கள் இல்லையா, அங்கேதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாதர் புத்தகத்தில் போட்டுவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் சனம் பயந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கே போயிருக்காது. எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை வரிசை ரோட்டுவரை வந்தது. அடுத்த புத்தகத்தில் தங்கள் கதையும் வரவேண்டும் என்று ஆளாளுக்கு நல்ல பாவமாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் நின்றபடி ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் சொன்ன பாவம் நன்றாக இருந்தால் பின்னால் நின்றவர் அதில் கொஞ்சம் கூட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டார். பெக்டரி லொறி டிரைவர் வேலு, நெற்றி நிறையத் திருநீற்றோடு உள்ளே போனவன், என்ன நடந்தது என்பதை அவனே வெளியில் வந்து எல்லோருக்கும் சொன்னான்.

"நான் இந்துதான் பாதர், ஆனா நல்ல பாவம் ஒண்ணு கைவசம் இருக்குன்னு சொன்னேன். முழுசா கேட்டாரு. கேட்டுட்டு, வேலு, ரொம்ப நீளம், நடுவுல சுருக்கிக்கிட்டு வான்னு அனுப்பிட்டாரு."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

பங்குச் சபைத் தலைவர் மரியதாஸ், பஸாரில் புடவைக் கடை வைத்திருந்தவர். எங்கள் லயத்தில் பிறந்து, படிப்படியாக முன்னுக்கு வந்த மனிதர். அவருடைய அம்மா ஆரோக்கியம்மாள் ஓய்வு பெற்ற பிறகும் மகனுடைய பஸார் வீட்டுக்குப் போகாமல் லயத்திலேயே இருந்தார். அந்த அம்மா ஒரு காலத்தில் வளர்த்த ஆடு கறுப்பு, இடது காது வெள்ளை. மரியதாஸ் புத்தகத்தை வாசித்தார். ஒரு வான் பிடித்து நேரே பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போனார். தன் அம்மா பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன இரகசியத்தைப் பாதர் அச்சடித்து விற்கிறார் என்று புகார் சொல்லிவிட்டு வந்தார்.

இது முதல் வரிசைக்காரர்களின் கோபம் போன்றதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குரு வெளியில் விட்டுவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம் அவர்களுக்குக் கிடையாது. இன்னொரு பங்குக்கு மாற்றம் என்பதோடு அது முடியாது. பூசை வைக்கும் உரிமையே போய்விடும்.

நான் மரியதாஸின் கடைக்குப் போனேன். "மரியதாஸ், அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. அவங்க பாதர்கிட்ட சொன்னாங்களா இல்லையான்னு."

"எப்பிடிங்க சேர் கேக்கிறது? பாவசங்கீர்த்தனத்துல என்ன சொன்னீங்கன்னு பெத்த தாய்கிட்ட ஒரு மகன் கேக்கலாமா? அது அதவிட பாவம்." அவர் துணியை மடித்துக்கொண்டே பேசினார். "கடைக்கு வாறவனெல்லாம் ஆடு எப்பிடி இருக்கு மொதலாளின்னு கேக்குறான். இடுப்புல கட்ட சாரம் வாங்க வந்தவன் கேக்குறான். எங்கம்மா சாமிய ஏமாத்துனவளாம். கேட்டுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மடித்த துணி சரியாக மடியவே இல்லை, திரும்பத் திரும்ப உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து பாதரின் பங்களாவுக்குப் போனேன். அவர் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது.

"பாதர், ஆரோக்கியம்மா உங்ககிட்ட அதச் சொல்லலன்னு விசாரணைக்கு வாறவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. தீந்துபோச்சு."

"சொல்ல முடியாது சேர்."

"அப்ப சொன்னாங்களா?"

"அதயும் சொல்ல முடியாது." ரொட்டியைத் திருப்பினார். "இன்னைக்கு நான் இந்தம்மா சொல்லலன்னு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தரப் பத்திக் கேக்கையில நான் பேசாம இருந்தா என்ன அர்த்தம்? அவங்க சொல்லிட்டாங்கன்னு ஆயிரும். கதை என் கதை, அத எத்தன தடவன்னாலும் சொல்லுவேன். யாரு என்ன சொன்னாங்க, சொல்லலங்கிறதுக்கு எனக்கு வாயே கெடையாது."

"உங்களத் தூக்கிட்டா?"

அவர் ரொட்டியை மறுபடி திருப்பினார், கருகின பக்கம் மேலே வந்தது. பிறகு சொன்னார்: "பூச வைக்க விடாட்டி நான் என்ன செய்யிறது சேர்? எனக்கு பூச, கதைன்னு இந்த ரெண்டு வேலதான் தெரியும். ரொட்டி சுடக்கூட தெரியாது, பாருங்க."

கருகின ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினார். தின்றேன். அவ்வளவு மோசமான ரொட்டியை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை, ஆனாலும் இரண்டாவதும் கேட்டு வாங்கித் தின்றேன்.

விசாரணை அடுத்த ஞாயிறு என்று தெரிந்த பிறகு தோட்டத்தில் சிரிப்புக் குறைந்தது. பீலியடியில் ஆட்டுச் சண்டை நின்றது. அந்தக் கிழமை ஒரு வீட்டிலும் கோழி அடிக்கவில்லை. கோழி, ஆடு எல்லாவற்றுக்கும் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர் வயதான ஒரு குரு, எங்களுக்குப் பெரிய பாதர். நெட்டையான மனிதர், நல்ல செந்தமிழ் பேசினார். கையில் பாதரின் புத்தகம் இருந்தது. பூசை முடிந்ததும் யாரையும் போகவேண்டாம் என்றார். போகிற எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மிச்சம் பாதர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள், இந்துக்கள், பின்னால் சுவரோரமாக நின்றோம்.

"இந்த நூலில் ஓர் ஆடு இரண்டு இடங்களுக்கு நேர்ந்துவிடப்படுகிறது" என்றார் பெரிய பாதர். "இது தமது வீட்டில் நடந்த சம்பவம் என்று கருதுகிறவர் இருந்தால் கையை உயர்த்துங்கள்."

ஒரு கை எழும்பும் என்று எதிர்பார்த்திருப்பார். கோயில் முழுவதும் கை தூக்கியது. பாடகர் குழு தூக்கியது. பின்சுவரில் வேலு இரண்டு கையையும் தூக்கினான்.

பெரிய பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கைகள் அப்படியே இருந்தன.

"எல்லோருமா?"

"எங்க ஆடு செவலைங்க. பாதர்தான் கறுப்பா மாத்திட்டாரு" என்றது ஒரு குரல்.

"எங்களோடது சேவலுங்க. பொஸ்தகத்துக்காக ஆடாக்கிட்டாரு" என்றது இன்னொன்று.

மரியதாஸ் எழுந்தார். தூக்கியிருந்த கைகளைக் காட்டினார். "இவங்க வெளையாடுறாங்க. வெள்ளக் காது எங்க ஆட்டுக்கு மட்டுந்தான். எங்கம்மா இவரத் தவிர வேற யாருகிட்டயும் இதச் சொல்லியிருக்க மாட்டாங்க."

பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்த ஆரோக்கியம்மாள் கையை ஊன்றி எழுந்தார். விசாரணை எதைப் பற்றி என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது போல இருந்தது.

"தாஸு, ஒக்காரு" என்றார். முதலாளி உட்கார்ந்தார்.

"சாமி, நான் எல்லா சனிக்கெழமையும் பாவசங்கீர்த்தனம் பண்றவ. மருமகள ஏசுனதச் சொல்லியிருக்கேன். கொழுந்து நிறுக்கையில பாரம் கூட்ட தண்ணி தெளிச்சதச் சொல்லியிருக்கேன். இந்த ஆட்டுக் கதைய ஒரு நாளும் சொன்னதில்ல."

"சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, அம்மா" என்று பெரிய பாதர் அவசரமாகச் சொன்னார். "நீங்களாகச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். ஏன் அதை மட்டும் சொல்லவில்லை?"

ஆரோக்கியம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏன் சொல்லணும்? அதுல பாவம் எங்கங்க இருக்கு?"

அந்த அம்மா விரலை மடித்துக் கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

"அந்தோனியாருக்கு ஆடு குடுக்கிறேன்னேன். குடுத்தேன். ஏலத்துல காசு வந்திச்சு, கோயிலுக்குத் தகரம் போட்டாங்க, இந்தா மேல இருக்கு. அப்பறம் அது நான் வாங்குன ஆடு. என் ஆட்ட நான் முனியாண்டிக்குக் குடுத்தேன். ஒருத்தரயும் நான் ஏமாத்தலயே. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கோவிச்சுக்கல. கோவிச்சிருந்தா இவனுக்குக் கடை கெடைச்சிருக்குமா?" என்று மகனைக் காட்டினார். "இவனுக்கு பஸார்ல ஒரு கடை அமையணும்னுதானே நேந்தேன்."

மரியதாஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கடை கிடைத்த கதை அவருக்கு அன்றுவரை தெரியாது.

பெரிய பாதர் மற்றவர்களைப் பார்த்தார். "உங்களில் யாராவது இதைப் பாவம் என்று நினைத்ததுண்டா?"

"இல்லீங்க" என்றது கோயில், ஒரே குரலில், ரொம்ப வெகுளியாக.

"ஏலத்துல கூடுதலா போட்டுத்தான் எடுப்போம். அந்தோனியாருக்கு நட்டமே இல்லீங்க" என்று ஒருவர் விளக்கமும் கொடுத்தார்.

பாவம் என்றே நினைக்காத ஒன்றை யாரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதில்லை, பட்டப்பகலில் பாதையில் நடக்கிற ஆட்டைப் பாதர் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். இது பெரிய பாதருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் புத்தகத்தை மூடினார். மிச்சம் பாதர்மேல் குற்றம் இல்லை என்று ஆயரிடம் சொல்லுவதாகச் சொன்னார். மற்றபடி, இந்தப் பங்கின் ஆடுகளைப் பற்றித் தான் எதையும் கேள்விப்படவில்லை என்றும் சொன்னார்.

மிச்சம் பாதர் ஸ்டூலில் குனிந்தபடியே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கும் அது தொற்றியிருக்கும்.

எல்லோரும் கலைந்த பிறகு, வானில் ஏறப்போன பெரிய பாதர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அந்தப் பாதையில் ஆட்டை எதிர்கொண்ட குரு, பிறகு என்ன செய்தார்?"

மிச்சம் பாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிச்சம் அடுத்த ஞாயிறு, பாதர். திருவிழா. வந்தீங்கன்னா நல்லது."

அவர் வந்தார். வேறு ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். நம்பினோம். அச்சக நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் அன்றைக்குப் பாதர் பிரசங்கத்தில் ஆட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தோனியாரைப் பற்றி மட்டும் ஒழுங்காகப் பேசி ஒழுங்காக முடித்தார். எல்லோருக்கும் பெருத்த ஏமாற்றம்.

பிறகு ஏலம் ஆரம்பித்தது. அந்தோனியார் கோயிலில் அவ்வளவு ஆடும் கோழியும் அதற்கு முன் சேர்ந்ததே இல்லை. விசாரணைக்கு முந்தின கிழமை முழுவதும் யார் யார் என்ன நேர்ந்திருக்கிறார்கள், எதற்காக நேர்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆரோக்கியம்மாள் ஒரு கறுத்த கிடாயைக் கொண்டுவந்திருந்தார். அதை ஏலத்தில் எடுத்தவர் மரியதாஸ். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாதபோதும் தானே தன் விலையை ஏற்றிக்கொண்டு போனார். எடுத்து முடிந்ததும், பஸார் முதலாளி கால்சட்டையை மடித்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்து, ஒற்றையடிப் பாதையில் முன்னே நடந்தார். பின்னால் அவருடைய அம்மா. அதற்குப் பின்னால் தோட்டம்.

பாதி மலை ஏறியபோது, மேலேயிருந்து மிச்சம் பாதர் இறங்கி வந்தார், பெரிய பாதரோடு. பெக்டரியைச் சுற்றிக் காட்டப் போனார்களாம். பாதை ஒரு ஆள் நடக்கும் அகலம். மரியதாஸ் நின்றார். ஆடும் நின்றது. அதன் கழுத்தில் கோயில் மாலை அப்படியே இருந்தது.

பாதர் ஆட்டைப் பார்த்தார். ஆடு பாதரைப் பார்த்தது. பின்னால் நின்ற நாங்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தோம்.

பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கினார். சேற்றுத் தண்ணீர் காலில் போட்டிருந்த சப்பாத்துக்கு மேலே வந்தது. "பார தென்ன, பாதர்" என்று பெரிய பாதரிடம் சொன்னார். அவரும் இறங்கி நின்றார். ஆடு அவர்களைக் கடந்து மேலே போனது.

அதுதான் மிச்சம். அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்களோடு இருந்துவிட்டு, வழக்கமாக வரும் மாற்றத்தில் றக்வானைப் பக்கம் போனார். இப்போது அங்கே பஸ்கள் வளைவில் நிற்கின்றனவாம். நாலாவது புத்தகத்தையும் எனக்குத்தான் அனுப்பியிருக்கிறார், பிழை பார்க்க. றகரம் இன்னும் திருந்தவில்லை.

ஆனால் அந்தப் பாதையில் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆட்டுக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எல்லோருக்கும் அவர் கானுக்குள் நின்றபடியே வழி விட்டார். என் முறை வந்தது. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக ஒன்றும் கிடையாது, அது அவருக்கும் தெரியும். அவருடைய பார்வை என் முகத்திலிருந்து மெதுவாக என் கக்கத்துக்கு இறங்கியது. அங்கே, கோயில் ஏலத்தில் நான் சற்று முன்தான் திருப்பி எடுத்த சேவல் இருந்தது.

"சேர், அதுவும் ரெண்டு பேருக்குமா?"

"ஆமா பாதர்."

"எதுக்கு நேந்தீங்க?"

தமிழ் படிப்பிக்கிறவன் நான், பதிலுக்கு அவர் போட்டிருந்த அங்கியை மட்டும் பார்த்தேன். சேவலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாதர் மேலே ஒன்றும் கேட்காமல், சேற்றில் நின்றபடி கையை நீட்டி அதன் தலையைத் தடவிவிட்டார்.